தோல் உள்ளே, தொண்டர் வெளியே
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



புரட்டாதி உரோகிணியிலே திருநாளைப்போவார் குருபூசையை நாம் ஆண்டுதோறும் கொண்டாடி வருகின்றோம். ஆதனூர்ப் புலைப்பாடியிலே தோன்றிய அவ்வடியார், கோயிற் பேரிகைக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்துத் தொண்டு செய்தார். தோல் உள்ளே சென்றது. கொடுத்தவர் வாயிலிலே நின்றார். திருப்புன்கூரிலே நந்தி விலகிற்று. ஆனால், மனிதர் விலகினரா? தில்லையிலே தீயில் மூழ்கியன்றோ அவர் உட்புக நேர்ந்தது!

இவ்வரலாற்றைக் கேட்டுக் கண்ணீர் விடுகின்றோம். அது நம்மை நோக்கிய வினா என்பதை மட்டும் மறந்துவிடுகின்றோம்.

திருஞானசம்பந்தர் மறந்தாரல்லர். திருநீலகண்ட யாழ்ப்பாணரையும் அவர் துணைவியாரையும் தம்முடன் அழைத்துச் சென்றார். சாத்தமங்கையிலே, அந்தணராகிய திருநீலநக்கர் மனையின் நடுவே, வேள்வி வேதிகையின் பக்கத்தில் அவர்களுக்கு இடம் கொடுக்கச் செய்தார். வேதித்தீ அவியவில்லை; வலஞ்சுழித்து ஓங்கிற்று என்கின்றது பெரியபுராணம். இதுவே நமது சமயம்.

நம் நாட்டில் நிகழ்ந்தது யாது? கோயில், பாடசாலை, தேநீர்க்கடை, கிணறு ஆகியவற்றிலே சாதியின் பெயரால் ஒருவரைத் தடுப்பது குற்றமென 1957ஆம் ஆண்டில் சட்டம் வந்தது. பதினோராண்டு கழிந்த பின்னரும், 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே தாழ்த்தப்பட்ட மக்கள் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டியதாயிற்று. முருகனை வழிபட வந்தவர்களும் சைவர், வழிமறித்தவர்களும் சைவர். நம்மவரிற் பலர் இரண்டிலும் சேராது வாளாவிருந்தனர். அந்த மௌனத்துக்கும் நாம் கணக்குக் கொடுத்தல் வேண்டும்.

அன்பர்களே, கதவு திறந்தால் மட்டும் போதாது. நமது ஊர்க் கோயிலிலே திருவிழா உபயம் யாருக்கு இல்லை? சுவாமி காவும் தோள்களில் யாருடைய தோள் இல்லை? பரிபாலன சபையிலே யாருக்கு இடமில்லை? அன்னதானப் பந்தியிலே நம் அருகில் யார் அமர்வதில்லை? இவ்வினாக்களை வேறெவரிடமும் அன்று, நம் வீட்டுப் பெரியவர்களிடமே பணிவோடும் உறுதியோடும் கேட்போம். அவர்கள் சினக்கக்கூடும். நமக்குக் கிடைக்கும் சுடுசொல், வாயிலிலே நின்றவர் பட்ட துன்பத்துக்கு ஈடாகாது.

அடுத்த குருபூசைக்கு முன், ஒரு கோயிலிலாவது ஒரு தடையையாவது நீக்குவோம். அதன்பின் திருநாளைப்போவார் திருவுருவுக்கு மாலை சூட்ட நம் கைகள் கூசா.

திருவருள் துணைநிற்பதாக.