பால்குடி மறக்கும் முன்பே



மதீனாவுக்கு வந்த வணிகக் கூட்டமொன்று தொழுகைத் திடலில் தங்கியது. அன்றிரவு அவர்களுக்குக் காவலாகக் கலீஃபா உமர் (ரலி) அவர்களும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் விழித்திருந்தார்கள். ஒரு குழந்தை விடாது அழுதது. உமர் (ரலி) அவர்கள் மும்முறை சென்று தாயைக் கடிந்துகொண்டார்கள். வந்தவர் யாரென அறியாத அத்தாய், பால்குடி மறந்த பிள்ளைகளுக்கே உமர் உதவித்தொகை தருவதால் இவனுக்குப் பாலை நிறுத்திப் பழக்குவதாகச் சொன்னாள். பிள்ளைக்குச் சில மாதங்களே ஆகியிருந்தன!

ஃபஜ்ருத் தொழுகையில் உமர் (ரலி) அவர்களின் அழுகையால் கிராஅத் மக்களுக்கு விளங்கவில்லை. தம் சட்டத்தால் எத்தனை குழந்தைகள் மாண்டனவோ என்று கலங்கியவர்கள், பிறந்தது முதலே உதவித்தொகை உண்டென அறிவிக்கச் செய்தார்கள், மாகாணங்களுக்கும் எழுதினார்கள். இப்னு ஸஅத் (ரஹ்) அவர்கள் இதனைப் பதிவு செய்துள்ளார்கள்.

தீய எண்ணத்தில் வகுத்த விதியன்று அது. அதன் விளைவைக் காதால் கேட்டதும் அன்றே திருத்தினார்கள்.

நம் நாட்டிற்கு வருவோம். நாம் இன்னும் பால்வாடி என்றழைக்கும் அங்கன்வாடிகளுக்கு ஆதாரம், 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம். 2014-15 நிதிநிலை அறிக்கையில் இதற்கு 18,000 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கிய மத்திய அரசு, 2015-16ல் சுமார் 8,300 கோடியாகக் குறைத்தது. வரி வருவாயில் மாநிலங்களின் பங்கு 32 விழுக்காட்டிலிருந்து 42 ஆக உயர்ந்துவிட்டதே, மீதியை அவை ஏற்கட்டும் என்பது வாதம். இதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால், உயர்ந்த பங்கைக் குழந்தைகளுக்கே செலவிட வேண்டுமென்ற நிபந்தனை எதுவும் இல்லை. அவ்வாண்டு அக்டோபரில், துறை அமைச்சரான மேனகா காந்தி அவர்களே, சுமார் 27 இலட்சம் ஊழியர்களுக்கு ஊதியம் தருவதே கடினமாகிவிட்டதென வெளிப்படையாகக் கூறினார். பின்னர் ஒதுக்கீடு உயர்த்தப்பட்டது.

பின்னர் என்பது நமக்கு எளிய சொல். இரண்டு வயதில் தவறிய சத்துணவை அடுத்த நிதியாண்டில் ஊட்டிவிட முடியுமா?

ஜகாத் கொடுத்துவிட்டோம், அரசியல் நமக்கெதற்கு என்போர் சூரா அல்மாஊனைக் கவனிக்க வேண்டும். ஏழைக்கு உணவளிக்காதவனை மட்டுமன்று, உணவளிக்கும்படி பிறரைத் தூண்டாதவனையே அது கண்டிக்கிறது. எக்கட்சிக்காகவும் இதைச் சொல்லவில்லை.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், பராந்தகச் சோழன் காலத்து நம் உத்திரமேரூர்க் கல்வெட்டு, கணக்குக் காட்டாதவரைக் குடவோலைத் தேர்வுக்குத் தகுதியற்றவர் என்கிறது. சுற்றுப்புற ஊராட்சிகளில் வாழும் ஜமாஅத்தார் அக்டோபர் 2 கிராம சபைக்குச் செல்லுங்கள், தாய்மார்களும் செல்லுங்கள். பால்வாடியில் எத்தனை பிள்ளைகள், முட்டை ஒழுங்காக வருகிறதா, பணியிடம் காலியாக உள்ளதா என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.