மலைச்சாலைக்கு வாக்கி-டாக்கி

(ஜெயமங்கலத்தில் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



ஜெயமங்கலம் வராக நதிக்கரையில் சமதளத்தில் அமைந்த ஊர். இங்கே நின்றுகொண்டு மலைச்சாலையைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். நம் வயல் இங்கே இருக்கிறது. ஆயினும் நம் பள்ளத்தாக்கில் பல குடும்பங்களின் கூலியும் வாடகையும் மலையிலிருந்து வருகின்றன. பெரியகுளத்தைக் கடந்தால் ஒருபுறம் சோத்துப்பாறை வழியாக அகமலை, மறுபுறம் கும்பக்கரையை ஒட்டி அடுக்கம் வழியாகக் கொடைக்கானல். போடியிலிருந்து போடிமெட்டு, சின்னமனூரிலிருந்து மேகமலை, கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு. ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் ஆண்களையும் பெண்களையும் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் விடியற்காலையிலேயே இடுக்கி மாவட்டத்துக்கு ஏறுவதை நாம் அனைவரும் அறிவோம்.

இச்சாலைகளில் அபாயம் எங்கே இருக்கிறது? வேகத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். அது பாதி உண்மை. மற்றப் பாதி, வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்று அறியாமையில் இருக்கிறது. 2022ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் இரவு, சபரிமலையிலிருந்து திரும்பிய ஆண்டிபட்டிப் பகுதி பக்தர்களின் வாகனம் குமுளி மலைச்சாலையில் பள்ளத்தில் வீழ்ந்து எட்டுப் பேர் மாண்டனர். அவ்விபத்தைக் குறித்துத் தீர்ப்புக் கூறுவது நம் நோக்கமன்று. மலைச்சாலையில் ஒரு கணம் தவறினால் எத்தனை வீடுகள் இருண்டுவிடுகின்றன என்பதை நினைவூட்டவே அதைச் சொன்னோம்.

ஆகவே முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொள்வோம். தேய்ந்த பிரேக்குக்கு வானொலி மருந்தன்று. அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றும் பேராசைக்கும் மருந்தன்று. வாக்கி-டாக்கி செய்யக்கூடியவை இரண்டே. எதிரே வண்டி வருகிறது என்று முன்கூட்டிச் சொல்லும். பாறை சரிந்தாலோ வண்டி நின்றுவிட்டாலோ பின்னால் வருவோர்க்கு அறிவிக்கும். மழைக்காலத்தில் அடுக்கம் சாலையில் மண்ணும் பாறையும் சரிந்து போக்குவரத்து நின்றது ஒரு முறை இரு முறையன்று. மலையிடுக்கில் கைப்பேசிக்குக் கோபுரம் எட்டாத இடங்கள் பல. அங்கே இவ்விரண்டு உதவிகளும் சிறியவையல்ல.

கருவியை வாங்கிவிட்டால் இவை தாமே கிடைத்துவிடுமா? கிடைக்கமாட்டா. கனடா நாட்டில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் மரத்தடிகளை ஏற்றிய பெரிய லாரிகள் குறுகிய காட்டுச் சாலைகளில் ஓடுகின்றன. அங்கே சாலை தொடங்கும் இடத்தில் ஒரு பலகை உண்டு. அச்சாலைக்குரிய வானொலிச் சேனல் எது என்று அதில் எழுதியிருக்கும். வழிநெடுகக் கிலோமீட்டர்ப் பலகைகள் உண்டு. ஓட்டுநர்கள் சாலையின் பெயரையும், கிலோமீட்டர் எண்ணையும், தாம் செல்லும் திசையையும் அந்தச் சேனலில் சொல்லிக்கொண்டே போகிறார்கள். அவர்களைக் காப்பது கருவி மட்டுமன்று. எல்லோரும் ஒரே சேனலில், ஒரே முறையில் பேசுவதென்ற உடன்பாடும்தான். பத்து ஜீப்புகளில் பத்துச் சேனல் வைத்திருந்தால் அவை பத்துப் பொம்மைகளே.

நமக்கு ஒரு வசதி ஏற்கெனவே அமைந்திருக்கிறது. போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். மேகமலைச் சாலையில் 18. வளைவுகளுக்கு எண் இட்டுப் பலகை வைப்பது நம் நெடுஞ்சாலைத் துறையின் வழக்கம். மேகமலையில் மலர்ப் பெயர்களையும் சூட்டியிருக்கிறார்கள். அழகுக்காகச் செய்த அந்தக் காரியம் வானொலிக்கு மிகவும் உகந்தது என்பது நம் அபிப்பிராயம். இரைச்சலுக்கிடையே ‘ஏழு’ என்பதும் ‘எட்டு’ என்பதும் மயங்கிக் கேட்கும். குறிஞ்சியும் தாமரையும் அவ்வாறு மயங்கா. பெயரில்லாத சாலைகளில் எண்ணை இரு முறை சொல்வது நலம். “அடுக்கம் சாலை, ஐந்தாம் வளைவு, ஐந்து, ஜீப் ஒன்று, ஏறுகிறது.” இவ்வளவு போதும். இதைக் கேட்டவுடன் இறங்கி வருகிற வண்டி அகலமான இடம் பார்த்து ஒதுங்கி நிற்க வேண்டும். குறுகிய மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்பது புதிய விதியன்று. 1989ஆம் ஆண்டுச் சாலை விதிகளிலும் உண்டு, 2017ஆம் ஆண்டு விதிகளிலும் உண்டு. எங்கே ஒதுங்குவது என்று முன்னதாகத் தெரிந்துகொள்ளும் அவகாசத்தை வானொலி கொடுக்கிறது.

இனி எந்தக் கருவியை வாங்குவது என்று பார்ப்போம். வானொலிக் கருவி எதையும் அரசினர் அனுமதியின்றி வைத்திருக்கக் கூடாது என்பது பொதுவிதி. இவ்விதிக்குச் சில விலக்குகள் உண்டு. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையில், அரை வாட் ஆற்றலுக்கு மேற்படாத சிறு கருவிகளுக்கு 2018ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் வேண்டியதில்லை. 27 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய ‘சிட்டிசன் பேண்ட்’ கருவிகளுக்கும் 5 வாட் வரையில் விலக்கு உண்டு. ஆனால் அதன் அலைநீளம் ஏறத்தாழ 11 மீட்டர். கையடக்கமான குட்டை ஏரியலில் அது நன்றாக வேலை செய்யாது. 446க்கோ ஒரு சாண் ஏரியல் போதும். ஜீப்புக்கு அதுவே சௌகரியம்.

சந்தையில் விலை மலிவான வேறொரு வகை கிடைக்கிறது. எந்த அலைவரிசையையும் விருப்பம்போல் அமைத்துக்கொள்ளலாம், ஐந்து வாட், பல மைல் எட்டும் என்றெல்லாம் விளம்பரம் செய்கிறார்கள். அதை வாங்க வேண்டாம். காவல்துறையும் வனத்துறையும் பேசும் அலைவரிசையில் நாம் குறுக்கிட்டால், எங்கோ ஒரு காட்டுத் தீச் செய்தியோ விபத்துச் செய்தியோ தடைப்பட்டுப் போகும், வழக்கும் வரும். இத்தகைய விற்பனையை ஒழுங்குபடுத்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025ஆம் ஆண்டில் தனி நெறிமுறைகளையே வெளியிட்டது. அலைவரிசை எது, கருவி வகைக்கான அரசு ஒப்புதல் சான்று உண்டா என்று கடைக்காரரைக் கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். அமெச்சூர் வானொலி என்று ஒன்றும் இருக்கிறது. 2004ஆம் ஆண்டுச் சுனாமியின்போது அந்தமானிலிருந்து செய்தி அனுப்ப அவ்வன்பர்கள் ஆற்றிய தொண்டு பெரிது. ஆனால் அதற்குத் தேர்வு எழுதி உரிமம் பெற வேண்டும்; வாடகை வண்டித் தொழிலுக்கு அதை உபயோகிக்க முடியாது.

அரை வாட் எவ்வளவு தூரம் எட்டும்? பெட்டியின் மேல் அச்சிட்ட தூரத்தை நம்ப வேண்டாம். அந்த அலைகள் ஏறக்குறைய விளக்கொளியைப் போல நேர்கோட்டில் செல்பவை. மலைமுகடு குறுக்கிட்டால் நின்றுவிடும். வெட்டவெளியில் இரண்டு மூன்று கிலோமீட்டர் கேட்கும் கருவி, ஒரு பாறைத் திருப்பத்துக்கு அப்பால் சில நூறு மீட்டரிலேயே ஊமையாகிவிடலாம். ஜீப்பின் இரும்புக் கூடும் அலையை மறைக்கும். ஆதலால் ஏரியல் சன்னல் அருகே செங்குத்தாக இருக்கட்டும். ஒன்றுக்கொன்று கேளாத இரண்டு வளைவுகளுக்கு நடுவே, இரண்டும் கேட்கிற இடத்தில் ஒரு தேநீர்க்கடை இருக்குமானால் அங்கே ஒரு கருவியை வைத்துவிடலாம். கீழே கேட்டதை மேலே சொல்ல ஒரு மனிதர் போதும். அலையைத் தானே வாங்கி மறு ஒலிபரப்புச் செய்யும் யந்திரம் வேறு. அதற்கு உரிமம் வேண்டும்.

புதிதாக வாங்கியோர் அடிக்கடி இடறும் இடம் ஒன்று. பல கருவிகளில் ‘இரகசியக் குறி’ என ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். அது பேச்சை இரகசியமாக்குவதில்லை. தன் குறி இல்லாத பிற கருவிகளின் குரலை நம் காதில் விழாமல் அடைப்பதே அதன் வேலை. எதிரே வருபவர் கத்திக்கொண்டிருப்பார், நமக்குக் கேளாது. மலைச்சாலையில் இதைவிடக் கெடுதல் வேறில்லை. எல்லாக் கருவிகளிலும் அதை நிறுத்திவிட வேண்டும். பொத்தானை அழுத்தி ஒரு விநாடி கழித்துப் பேசுங்கள். உடனே பேசினால் முதற்சொல் விழுங்கப்படும், அந்த முதற்சொல் சாலையின் பெயர். ஒருவர் பேசும்போது மற்றவர் பேச இயலாதாகையால் குடும்ப நலம் விசாரிப்பதை மேலே போய் வைத்துக்கொள்ளலாம்.

பேசுபவர் யார் என்பதும் முக்கியம். கையில் தொடர்புக் கருவியைப் பிடித்துக்கொண்டு வண்டி ஓட்டுவதை 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டம் அபாயகரமான ஓட்டுதலாகவே கருதுகிறது. ஆகையால் கருவி ஓட்டுநர் கையில் இருக்கலாகாது. பக்கத்தில் அமர்ந்திருப்பவர் கையில் இருக்கட்டும். தினமும் முன் இருக்கையில் வருகிற அக்காள் ஒருவர் வளைவுகளின் வரிசையை ஓட்டுநரைவிட நன்றாக அறிந்திருப்பார். அவருக்குப் பழக்கிக் கொடுங்கள். வானொலி இல்லாத லாரிகளும் சுற்றுலாக் கார்களும் அதே சாலையில் வருமாதலால், எதிர்க்குரல் கேளாவிட்டாலும் ஹாரன் அடிக்க மறக்கலாகாது.

பஞ்சாயத்து உடனே பணம் செலவிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. ஒரே சாலையில் தினமும் ஓடும் ஐந்தாறு ஜீப் உரிமையாளர்கள் முதலில் ஒப்பி வரட்டும். இரண்டு கருவிகளை எடுத்துக்கொண்டு, ஒன்றைக் கீழே நிறுத்தி, மற்றொன்றோடு வளைவு வளைவாக ஏறி, எங்கே கேட்கிறது, எங்கே கேட்கவில்லை என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்ளட்டும். மழை நாளில் ஒரு முறையும், இரவில் ஒரு முறையும் அவ்வாறே செய்ய வேண்டும். அந்த நோட்டுப் புத்தகத்தோடு அடுத்த கிராம சபைக்கு வந்தால், எந்தச் சேனல், எந்தத் தேநீர்க்கடை, எந்த வளைவுக்குப் பலகை வேண்டும் என்பதை அங்கேயே தீர்மானம் செய்து நெடுஞ்சாலைத் துறைக்கு எழுதி அனுப்பலாம்.