பன்றிக்குட்டியின் எடையும் ஏழையின் வருவாயும்

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 90.6 லட்சம் பன்றிகள் இருந்தன. அசாமே முதலிடம் பெற்றது. அங்குச் சிறு குடும்பங்களுக்குப் பன்றியே சேமிப்பு.

சினைக்காலம் சுமார் 114 நாட்கள். கரு பெரும்பாலும் எடை கூடுவது கடைசி மாதத்தில்தான். அதன் கணையம் சுரக்கும் இன்சுலினும், இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணிகளும் தாய் தரும் ஊட்டத்தைத் தசையாக்கத் துணைபுரிகின்றன. அப்போது நஞ்சுக்கொடியின் உழைப்பு மிகுவதால், உயிரணுக்களைச் சிதைக்கும் வினைமிகு ஆக்சிஜன் மூலக்கூறுகளும் பெருகுகின்றன. வைட்டமின் ஈ, செலினியம் ஆகியவை இச்சிதைவைத் தடுக்க உதவுகின்றன. தாய்க்கு ஊட்டம் குறைந்தால் குட்டிகள் மெலிந்து பிறக்கின்றன. மெலிந்தவையே முதல் சில நாட்களில் மிகுதியாக மடிகின்றன.

ஆகவே, நல்லினப் பன்றிகளை வழங்குவதோடு திட்டங்கள் நின்றுவிடலாகாது. சினையின் இறுதி மாதத் தீவனத்திற்கும் நிதி ஒதுக்கப்படவேண்டும். குட்டிகள் பிழைத்தால்தான் கடனும் அடையும், குடும்பமும் நிமிரும்.