வீட்டிலிருந்தே உடற்பயிற்சி



‘மல்டிபல் ஸ்கிளிரோசிஸ்’ என்னும் நோயின் பெயரை உங்களுள் பலர் கேட்டிருக்க மாட்டீர்கள். நம் நாட்டில் அது அரிது. மூளையிலும் முதுகுத் தண்டிலும் உள்ள நரம்புகளின் மேலுறையை உடலின் எதிர்ப்புச் சக்தியே அரித்துவிடுகிறது. உறை உரிந்த மின்கம்பியைப் போல நரம்புகள் பழுதுறுகின்றன. கால் தள்ளாடும்; பார்வை மங்கும்; காரணமின்றிக் களைப்பு மேலிடும். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள், பெண்களையே இது மிகுதியாகப் பற்றுகிறது. பிரட்டுக்கு வர இயலாத அத்தகைய பெண்ணைச் சோம்பேறி என ஏசுவது பெரும் பிழை.

முன்னாளில் இந்நோயாளருக்கு ஓய்வே மருந்து என்றனர். உடலை வருத்தி உழைத்தால் கண் மங்குவதை 1890ஆம் ஆண்டில் ஊத்தோஃப் என்னும் ஜெர்மானிய மருத்துவர் எழுதிவைத்தார். உடல் குளிர்ந்ததும் அம்மங்கல் நீங்கிவிடும். அளவான பயிற்சி நடையையும் வலுவையும் பேணும் என்பதே இன்றைய மருத்துவக் கருத்து.

பட்டணத்து மருத்துவமனைக்குப் போய்வரும் பயணமே நோயாளியின் வலிமையைத் தின்றுவிடும். ஆகவே, நேரில் சோதித்த இயன்முறை மருத்துவர் பின்னர்க் கைப்பேசித் திரையில் தோன்றி வழிநடத்தும் முறை பல நாடுகளில் கையாளப்படுகிறது. நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல், சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துதல் போன்றவையே பயிற்சிகள். வீட்டார் பால்மரக் காட்டிலிருந்து திரும்பி, வெயில் தாழ்ந்தபின் செய்வது நன்று. விசிறி சுழலட்டும். அருகில் நிற்பவரிடம் கைப்பேசியைக் கொடுத்துவிடாதீர்கள். அவருடைய இரு கைகளும் நோயாளியைத் தாங்கவே வேண்டும்!

புதிய மரமரப்போ பார்வைக் குறைவோ ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் திரை போதாது. உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.