கோதுமை ஆகாத பிள்ளைகள்

சீலியாக் நோய் உள்ளவர்களுக்குக் கோதுமை, பார்லியில் இருக்கும் குளூட்டன் சிறுகுடலையே புண்ணாக்கிவிடும். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. குளூட்டனை நிறுத்தினால் குடல் ஆறும், சத்து சேரும். சிலருக்கு எடை கொஞ்சம் கூடுதலாகவே ஏறிவிடும். உடனே பதினாறு வயசுப் பிள்ளை பட்டினி கிடக்க ஆரம்பிக்கும்! அது கூடவே கூடாது. வளரும் வயது, இரும்பும் கால்சியமும் ஏற்கெனவே குறைந்திருக்கலாம்.

'குளூட்டன் இல்லை' என்று அச்சடித்த பிஸ்கட்டைக் குறையுங்கள். பலவற்றில் சர்க்கரையும் கொழுப்பும் தாராளம். பயறு, முட்டை, காய், கேழ்வரகு சாப்பிடலாம். ஆனால் கோதுமை அரைத்த மில்லில் கேழ்வரகை அரைக்காதீர்கள். கடைப் பெருங்காயத்திலும் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும்; சாம்பார் வழியாகவே உள்ளே போய்விடும். சாயங்காலம் ஓடி விளையாடட்டும். எடையைக் குறைப்பதற்கு முன் மருத்துவரையும் உணவியல் நிபுணரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.