பிடி தளர்த்தும் புரதங்கள்



நம் விழித்திரையின் செல்லிலும் கல்லீரலின் செல்லிலும் இருப்பவை ஒரே மரபணுக்கள்தான். ஆனால் ஒன்று ஒளியை உணர்கிறது; மற்றொன்று பித்தநீர் சுரக்கிறது. எந்தச் செல்லில் எந்த மரபணு வாசிக்கப்படுகிறது என்பதில்தான் இந்த வேறுபாடு.

ஒரு செல்லின் டி.என்.ஏ.வை நீட்டிப் பிடித்தால் சுமார் 2 மீட்டர் வரும். அத்தனையும் கண்ணுக்குத் தெரியாத உட்கருவுக்குள் அடங்க வேண்டும். அதனால் அது ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளின் மேல், கண்டில் நூல் சுற்றியதுபோல் சுற்றிக் கிடக்கிறது. டி.என்.ஏ.வுக்கு எதிர்மின்னூட்டம், ஹிஸ்டோனிலிருந்து நீளும் வால்களுக்கு நேர்மின்னூட்டம். இரண்டும் இறுகப் பற்றிக்கொள்கின்றன. அந்த இறுக்கத்தில் சிக்கிய மரபணுவை, படியெடுக்கும் நொதி எளிதில் நெருங்க முடியாது.

பிடியைத் தளர்த்துவது எது? விடை தந்தது நன்னீரில் வாழும் டெட்ராஹைமினா. ஒரே செல்தான், ஆனால் அதற்குள் இரண்டு உட்கருக்கள். பெரியதில் படியெடுப்பு ஓயாது நடக்கும். செல் வளரும் காலத்தில் சிறியது வாய் திறக்காது. பெரிய உட்கருவின் ஹிஸ்டோன் வால்களில் அசெட்டைல் என்ற சிறு வேதிக்குழு ஒட்டியிருந்தது. அது ஒட்டினால் நேர்மின்னூட்டம் தணியும், பிடி நெகிழும்.

1996இல் அமெரிக்காவின் டேவிட் ஆலிஸ் குழுவினர், அதை ஒட்டும் நொதியைப் பெரிய உட்கருவிலிருந்து பிரித்தெடுத்தார்கள். பார்த்தால், ஈஸ்ட்டில் ஏற்கெனவே அறிந்திருந்த ஜிசிஎன்5 என்ற இணைஊக்கிப் புரதத்தின் சாயல் அதில் தெரிந்தது! டி.என்.ஏ.வில் அமரும் புரதத்துக்கும் படியெடுக்கும் நொதிக்கும் இடையே தூது போவதுதான் இணைஊக்கியின் வேலை என்று எண்ணியிருந்தார்கள். கட்டை நெகிழ்த்துவதும் அதே தூதர்தான் என்பது அன்று விளங்கியது.

இதே வேலையைச் செய்யும் சிபிபி என்ற இணைஊக்கிக்கான மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று பழுதானாலே, ரூபின்ஸ்டைன்–டேபி என்ற பிறவிக் குறைபாடு உண்டாகலாம். அந்தக் குழந்தைகளின் கட்டைவிரல்கள் அகன்றிருக்கும்; வளர்ச்சியும் கற்றலும் மெதுவாக நடக்கும். மற்ற மரபணுக்கள் செம்மையாகவே இருக்கின்றன. அவற்றைத் திறந்துவிடும் கைகள்தான் போதவில்லை.

அசெட்டைலை நீக்கிக் கட்டை மறுபடி இறுக்கும் நொதிகளும் உண்டு. அவற்றைத் தடுக்கும் வோரினோஸ்டாட் என்ற மருந்து, தோலில் வரும் ஒருவகை லிம்போமா புற்றுநோய்க்காக 2006இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. டி.என்.ஏ.வின் ஓர் எழுத்தையும் அது திருத்துவதில்லை. கட்டின் இறுக்கத்தை மாற்றுவது, அது நோயோடு போராடும் வழிகளில் ஒன்று.