விலையும் மதிப்பும்



கொடிகாமத்துச் சந்தையிலே பலாப்பழம் வாங்க வருவோர் தோலைக் கண்டு மயங்குவதில்லை. தட்டி ஓசை கேட்பர், மோந்து பார்ப்பர், அதன் பின்னரே விலை பேசுவர். ஒரு நாள் உணவுக்கு இத்துணை ஆராயும் மக்கள், ஆயுள் முழுவதும் உடன்வாழும் துணையைத் தேடும்போது மாத்திரம் புறத்தோற்றத்துடன் நின்றுவிடுவதேன்?

1707ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை, முதுசொம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தினை மூவகையாக வகுத்தது. அவற்றுள் சீதனம் பெண்ணின் உடைமை. பெற்றோர் அவளுக்கு ஊன்றுகோலாக அளித்த காணியும் நகையும் அது. காலப்போக்கில், மணமகன் வீட்டார் ‘நன்கொடை’ என்னும் பெயரால் ரொக்கம் கேட்கும் வழக்கமும் அதனுடன் ஒட்டிக்கொண்டது. அரசாங்க உத்தியோகம் ஒரு விலை பெற்றது. வெளிநாட்டு வதிவுரிமை அதனினும் கூடிய விலை பெற்றது.

காதலித்து மணப்போர் இக்குற்றத்துக்குப் புறம்பானவரோ? சீதனம் வேண்டாம் என்று துணிந்து கூறும் இளைஞன் முகப்பொலிவொன்றையே கண்டு மனம் பறிகொடுத்தால், யுவதியும் அவன் ஏறிவரும் மோட்டார் சைக்கிளையே கண்டு இணங்கினால், அங்கே தராசு மாறியதேயன்றி வாணிகம் மாறவில்லை.

சிலப்பதிகாரத்துக் கோவலன் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் கொடுத்து மாதவியின் மாலையை வாங்கினான். அவள் உள்ளத்திலோ மெய்யன்பு இருந்தது. ஆயினும், விலையில் தொடங்கிய உறவாதலின், கடற்கரையில் அவள் பாடிய பாட்டொன்றைக் கேட்ட மாத்திரத்தே அவன் ஐயுற்றுப் பிரிந்தான். பொருளால் வந்த அன்பைப் பொருளிழந்தவன் நம்புவது அரிது. வறியனாய் மீண்டவனை ஏசாது, தன் சிலம்பை முன்வைத்தவள் கண்ணகி.

இவ்வுண்மையைத் தென்மராட்சி மண் கண்ணாரக் கண்டதுண்டு. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுவாசல்களைத் துறந்து, நாவற்குழிப் பாலங் கடந்து, சாவகச்சேரி, கொடிகாமம் முதலிய இடங்களுக்கு வந்தனர். 2000ஆம் ஆண்டிலே தென்மராட்சி மக்களும் இடம்பெயர நேர்ந்தது. சீதன வீடு பின்னே கிடந்தது. நகை அரிசிக்கும் மருந்துக்குமாக விலைப்பட்டது. முதிய மாமியைத் தாங்கி நடந்த மருமகனும், இருந்த கஞ்சியைப் பகிர்ந்த மனைவியுமே குடும்பத்துக்கு எஞ்சிய சொத்து.

ஆகவே, மணம் பேசும் பெற்றோரும் மனம் ஒத்த இளையோரும் சிலவற்றை விசாரித்தறிதல் நன்று. சினம் வந்தபோது இவர் எப்படிப் பேசுவார்? நோயுற்றவரை எவ்வாறு பேணுவார்? தம்மினும் எளியவரை எங்ஙனம் நடத்துவார்? இவற்றுக்கு விடை பெற்றபின் நாள் குறிப்பதே தக்கது.